குருக்கள்மடத்தில் ஓடிய அயர்லாந்துக் கோச்சி

குருக்கள்மடத்துக்குக் கோச்சி, அதுதான் ரயில், கொண்டுவந்தவன் நான். வெள்ளைக்காரன் மட்டக்களப்போடு தண்டவாளத்தை முடித்துவிட்டான். அவனுக்குப் பிறகு வந்த எந்த அரசாங்கமும் அதை ஒரு முழம்கூடத் தெற்கே நீட்டவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் எங்கள் ஆட்கள் கேட்டுப் பார்த்தார்கள். நான் கேட்கவில்லை, செய்தேன். செய்தது அயர்லாந்துக் கோச்சி என்பதுதான் ஊராருக்கு இன்றுவரை குறை.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடம் என்னை விடவில்லை, நான்தான் அதை விட்டேன். தகரம் வெட்டப் போனேன். குப்பி விளக்கு, எண்ணெய்ப் புனல், கூரைப் பீலி எல்லாம் செய்தேன். களுதாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழா வந்தால் பழைய மீன் ரின்களை வெட்டிக் கோச்சி செய்து விற்பேன். நூலில் கட்டி இழுத்தால் உள்ளே கிடக்கும் புளியங்கொட்டை கடகடவென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்காத வீடு இந்தக் கரையில் இல்லை. பிறகு வெல்டிங் பழகினேன். யாரும் பழக்கவில்லை, பார்த்துப் பழகினேன். கடற்கரைப் பக்கம் சொந்தமாகப் பட்டறை போட்டேன். மட்டக்களப்புக்கு அங்கால் இருக்கும் கிரானிலிருந்துகூட உழவு மெஷின் பெட்டியை இழுத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். இடையில் எத்தனை பட்டறை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், நான் யாரென்று விளங்கும்.

அந்தப் பட்டறையைக் கடல் எடுத்தது. சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வாவிப் பக்கம் வீட்டில் இருந்தேன். சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தபோது தண்ணீர் பெரிய ரோட்டில் நின்றது. பட்டறை இருந்த இடத்தில் ஒரு வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. ஆட்களைத் தேடிய நாட்களைப் பற்றி நான் எழுதமாட்டேன். அதை எழுதத் தெரிந்தவர்கள் எழுதட்டும். ஆட்களைத் தேடி முடித்த பிறகு என் சாமான்களைத் தேடினேன் என்பதை மட்டும் சொல்கிறேன். மண்ணைக் கிண்டினால் குறடு வரும், கொஞ்சம் தள்ளிக் கிண்டினால் சுத்தியல் தலை வரும். கடல் எடுத்ததைக் கடலிடமிருந்து நான் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

அப்படிக் கிண்டிக்கொண்டிருந்த ஒரு நாள்தான் அயர்லாந்து இஞ்சினியர் வந்தார். ஏதோ உதவி நிறுவனத்தில் தற்காலிக வீடு கட்ட இடம் அளக்க வந்தவர். கூட மொழிபெயர்க்க எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர். இஞ்சினியரின் காலில் ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து எடுத்தார். என்னுடைய மீன் ரின் கோச்சி. ஒரு பக்கம் நசிந்து, உள்ளே புளியங்கொட்டைக்குப் பதில் கடல் மணல். அதை ஆட்டிப் பார்த்தார். அளவு நாடாவைக் கீழே போட்டுவிட்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னவாம்?" என்று மாஸ்டரைக் கேட்டேன்.

"இவரும் கோச்சி செய்யிறவராம் அண்ணன்."

"இஞ்சினியர் எண்டீங்க?"

"வேலைக்கு இஞ்சினியர். வீட்டுல கோச்சி செய்யிறாராம். சின்னக் கோச்சி. மேல் மாடியில தண்டவாளம் போட்டு ஓட்டுறாராம்."

"புள்ளையளுக்கா?"

மாஸ்டர் கேட்டுச் சொன்னார். "இல்லையாம். தனக்காம்."

நரைத்த தாடியோடு ஒரு மனிதன் தனக்காகக் கோச்சி செய்கிறான். அவரைப்போல அங்கே நூற்றுக்கணக்கான ஆட்கள் இருக்கிறார்களாம், சங்கம் வைத்து, கூட்டம் கூடி, போல்ட் சரியா நிறம் சரியா என்று சண்டை பிடிப்பார்களாம். எனக்கு அந்த நாட்டின் மேல் அன்றைக்கே ஒரு மதிப்பு வந்தது.

அவர் எங்கள் ஊரில் இருந்த காலமெல்லாம் பின்னேரம் ஆனால் என் வீட்டுக்கு வந்துவிடுவார். மாஸ்டர் சலித்துக்கொண்டே கூட வருவார். நான் ஒருமுறை "வெள்ளைக்காரனும் கோச்சி எண்டா உசிர விடுவானா?" என்று கேட்டதை மாஸ்டர் அப்படியே சொல்லிவிட்டார். இஞ்சினியருக்குக் கோபம் வந்தது. "வெள்ளைக்காரன் எண்டு சொல்லாத. உங்களை ஆண்ட ஆக்கள்தான் எங்களையும் ஆண்டவங்க" என்றார். பிறகு ஒரு விஷயம் சொன்னார். எங்கள் கோச்சித் தண்டவாளத்தின் அகலம் ஐந்தரை அடி. அவர்களுடையது ஐந்தேகால் அடி. இங்கிலாந்தில் ஐந்தடிகூட இல்லை. எங்கள் இரண்டு நாட்டுக்கும் நடுவில் மூன்று அங்குலம்தான் தூரம். எங்களை ஆண்டவனுடைய கோச்சி ரோட்டு எங்கள் இரண்டு பேருடையதையும்விட ஒடுக்கம். இதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் மனைவி குசினியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

ஆனால் அவர் செய்வது அந்தப் பெரிய கோச்சியை அல்ல. அவருடைய நாட்டு மேற்குக் கரையில் மூன்றடி அகலத்தில் ஒரு குட்டிக் கோச்சி ஓடியதாம். மலைக்கும் கடலுக்கும் நடுவால் போகும். அவருடைய அம்மாவின் தகப்பன் அதில் டிறைவர். இவர் பிறக்குமுன்னே அதை மூடி, தண்டவாளத்தைக் கழற்றி இரும்பு விலைக்கு விற்றுவிட்டார்கள். "இப்ப அது என்ட வீட்டு மாடியில மட்டும்தான் ஓடுது" என்றார். அந்தப் பாதையில் கடல் உள்ளே புகுந்த ஒரு இடத்தில் ஐந்து வளைவுக் கல்பாலம் இருந்ததாம். வெள்ளைக்காரன் போன பிறகு அவர்களுக்குள்ளேயே சண்டை வந்து, அண்ணனும் தம்பியும் இரண்டு பக்கமாகி, அந்தப் பாலத்தைத் தகர்த்தார்களாம். மறுகா அதே ஆட்கள்தான் திரும்பக் கட்டினார்களாம். இதை அவர் சொல்லும்போது மாஸ்டரின் குரல் இறங்கிவிட்டது. எங்கள் பக்கத்திலும் அப்போது இயக்கம் இரண்டாக உடைந்து அண்ணன் தம்பி பிரிந்திருந்த நேரம்.

நானும் ஒரு கோச்சிப் பாதை செய்வேன் என்றேன். வாழைச்சேனைப் பக்கத்து ஓட்டமாவடிப் பாலத்தைத்தான் செய்ய நினைத்தேன். பஸ்ஸும் கோச்சியும் ஒரே பாலத்தால் போகும் அதிசயம் வேறு எங்கே இருக்கிறது? மாஸ்டர் கும்பிடாத குறையாகச் சொன்னார்:

"அண்ணன், உங்களுக்கு விசரா? ஓட்டமாவடிப் பாலத்தை அளந்து செஞ்சு வீட்டுக்குள்ள வச்சா முதல்ல யாரு வருவாங்க? ஆமியா, இயக்கமா, ரெண்டும் சேர்ந்தா?"

இஞ்சினியர் யோசித்துவிட்டு, "அப்ப என்ட பாலத்தைச் செய்" என்றார். சின்ன மோட்டர் ஒன்றும், சில படங்களும் தந்தார். சண்டை திரும்ப மூண்டபோது அவருடைய நிறுவனம் அவரைக் கூப்பிட்டுவிட்டது. அதற்குப் பிறகு அவரை நான் காணவில்லை.

செய்தேன். முன் அறையில் சுவரோரமாக மேசை அடித்து, பழைய குடைக் கம்பிகளை நிமிர்த்தித் தண்டவாளம் போட்டேன். தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் சிலிப்பர் கட்டைக்குப் பாலை மரத்தைச் சீவினேன். மலை சாக்கும் சீமெந்தும், என்ஜினும் இரண்டு பெட்டியும் தகரம். மோட்டார்சைக்கிள் பற்றரியில் ஓடும். பாலம் மட்டும் ஒரு மழைக்காலம் முழுக்க எடுத்தது. உள்ளே தகரம், மேலே சீமெந்து, அந்தச் சீமெந்து காயுமுன் ஊசியால் கீறிக் கீறி ஒவ்வொரு கல்லாக எடுத்தேன். கோயில் சிலை செய்கிற சிற்பாசாரியும் அப்படிக் கீறமாட்டான். அந்தப் பாலத்தைப் பார்த்தவர்கள் முதலில் தொட்டுப் பார்ப்பார்கள், கல்லா என்று. நான் சொல்லவில்லை, பார்த்தவர்களைக் கேளுங்கள்.

மனைவிக்குப் பிடிக்கவில்லை. "ஊரெல்லாம் ஷெல் விழுது, இவருக்கு அயர்லாந்து" என்பாள். அப்போது வாவிக்கு மேலால் ஷெல் போகும். வாவிக்கு அந்தப் பக்கப் படுவான்கரைச் சனங்கள் தோணியில் இந்தப் பக்கம் வந்து பள்ளிக்கூடங்களில் கிடந்தார்கள். அவர்களும் வந்து பார்த்தார்கள். பாலத்துக்கு மேல் கோச்சி போகும்போது பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுவார்கள்.

ஒரு விடியற்காலை இராணுவத்தின் சுற்றிவளைப்பு. வீடு வீடாகத் தேடிக்கொண்டு வந்தார்கள். முன் அறைக்குள் வந்த அதிகாரி மேசையைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். வயர், பற்றரி, பாலம். யாராக இருந்தாலும் நிற்கத்தான் செய்வார்கள். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்.

"இது யார் செஞ்சது?"

"நான்தான் சேர்."

"உன் வீடா?"

"இல்ல சேர். பெண்சாதிட வீடு."

"உன் வீடு எங்க?"

"எனக்கு வீடு இல்ல சேர்."

அவருடைய முகம் மாறியது. வீடில்லாத ஆள், வேறு எங்கிருந்தோ வந்து ஒளித்திருப்பவன் என்று நினைத்திருப்பார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனம், ஆம்பிளை கூடப்பிறந்தவளுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு, கட்டினவள் வீட்டில்தான் இருப்பான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நான் என் தங்கைக்குக் கட்டினேன், என் மாமனார் இவளுக்குக் கட்டினார். மனைவிதான் முன்னுக்கு வந்தாள்.

"வீடு என்ட. கோச்சி அவர்ட" என்றாள்.

"எந்தப் பாலம் இது? வாழைச்சேனை?"

"இல்ல சேர், அயர்லாந்து" என்று நான் படங்களைக் காட்டினேன். அவர் பார்த்தார். முகம் இளகியது. கல்லைத் தொட்டுப் பார்த்தார், எல்லாரையும் போல. அதோடு நான் வாயை மூடியிருக்கலாம் என்று மாஸ்டர் இன்றைக்கும் சொல்வார். ஏன் மூடவேண்டும்? என் வேலையை ஒருவர் தொட்டுப் பார்க்கிறார், அதன் கதையைச் சொல்லாமல் விடுவேனா?

"இந்தப் பாலத்தை ஒருக்கா குண்டு வச்சுத் தகர்த்தவங்க சேர்."

"யாரு?"

"அவங்கட ஆக்களேதான்."

"எப்படி வச்சது?"

கேட்டார், சொன்னேன். நடு வளைவின் தூணைத் தொட்டுக் காட்டி, "இதுல வச்சாக் காணும் சேர், ரெண்டு பக்கமும் தன்பாட்டுல இடிஞ்சு இருந்திரும்" என்றேன். மனைவி பின்னாலிருந்து என் முதுகில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் கன்றியிருந்தது. வாசலில் நின்ற சிப்பாய் துவக்கை மாற்றிப் பிடித்தான்.

அதிகாரி நான் தொட்ட தூணைக் குனிந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "உன்னைக் கொண்டு போகணும். பாலத்தைக் கொண்டு போறேன்."

தண்டவாளத்தை வெட்டிக் கழற்றக் கட்டர் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேர் தூக்கினார்கள். பாலம் இரண்டு பக்கத்துத் தண்டவாளத்தையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு போனது.

ஊரே வந்து எனக்குப் புத்தி சொன்னது. உயிர் தப்பினது பெரிது, கடவுளுக்குத் தேங்காய் உடை, மிச்சத்தையும் கழற்றி வாவியில் போடு. மாஸ்டர் ஒரு சாக்கையே கொண்டு வந்துவிட்டார். நான் கழற்றவில்லை. சரி, அப்படியென்றால் வேறொரு பாலம் செய் என்றார்கள். அதையும் செய்யவில்லை. செய்யத் தெரியாமலா? ஒரு மாதத்தில் இன்னும் அழகாகச் செய்வேன். ஆனால் இன்னொன்றைச் செய்தால் முதல் பாலம் போய்விட்டது என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி. அது போகவில்லை. அது என்னுடையது, முகாமில் இருக்கிறது. அது திரும்பி இந்த இடத்துக்கு வரும்வரை இந்த இடம் வெறுமையாகவே கிடக்கும் என்று சொன்னேன்.

கோச்சியை மட்டும் நிறுத்தவில்லை. வழக்கம்போலப் பின்னேரங்களில் ஓட்டினேன். கூ என்று புறப்படும், மலையைச் சுற்றி வரும், பாலம் இருந்த இடத்துக்கு ஒரு விரல் முன்னால் நிற்கும். கொஞ்ச நேரம் நிற்கவிட்டுப் பின்னால் இழுப்பேன். பாலம் இருந்தபோது வந்ததைவிட இப்போதுதான் கூட்டம் வந்தது. எனக்குப் பித்தளைக் கம்பி விற்கும் காத்தான்குடி முஸ்லிம் கடைக்காரர், நானா என்றுதான் கூப்பிடுவேன், ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "என்ன அண்ணன், பாதி வழியில நிப்பாட்டுறீங்க? டிக்கெட் காசைத் திருப்பித் தாங்க" என்றார்.

"எங்கட மட்டக்களப்புக் கோச்சி மாத்திரம் ஒழுங்காப் போகுதா நானா? அதுவும் கண்ட இடத்துல நிண்டு திரும்புதுதானே?"

"அதுக்குப் பாலம் இரிக்கி. போகத்தான் விடுறாங்க இல்ல."

"இதுக்குப் போக விருப்பம் இரிக்கி. பாலம்தான் ஆமிக் காம்புல இரிக்கி."

எல்லாரும் சிரித்தார்கள். சுவரோரம் நின்ற ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. தெருக் கோடியில் இருப்பவள். அவளுடைய மகனைச் சந்தைக்குப் போன வழியில் யாரோ வாகனத்தில் ஏற்றிப் போனார்கள். யார் என்று ஒருவருக்கும் தெரியாது. அவள் ஏறாத முகாம் இல்லை, கும்பிடாத ஆள் இல்லை. எல்லாரும் போன பிறகு அவள் என்னிடம் சொன்னாள்:

"பாலம் எங்க இரிக்கி எண்டாவது உங்களுக்குத் தெரியும் அண்ணன்."

பின்னால் இழுத்திருந்த கோச்சியை அவளுக்காகத் திரும்பவும் அந்த விளிம்புவரை விட்டேன். அவள் பிறகும் அடிக்கடி வருவாள். கோச்சி நிற்கும் இடத்துக்கு நேரே நின்று பார்த்துவிட்டுப் போவாள்.

யுத்தம் முடிந்தது என்று றேடியோவில் சொன்னார்கள். டவுனில் பட்டாசு கொளுத்தினார்களாம். எங்கள் தெருவில் கதவுகள் சாத்தியபடி இருந்தன. பட்டாசுப் புகை அடங்கிக் கொஞ்சக் காலம் போனபிறகு, மாஸ்டர் ஒருநாள் சைக்கிளில் வேகமாக வந்தார். முகாமுக்குப் புது அதிகாரி வந்திருக்கிறார், பழைய சாமான் கிடக்கும் அறையை ஒதுக்கிக்கொண்டிருக்கிறார், பாலம் அங்கே இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னார்.

"நாளைக்குப் போய் ஒரு சொல்லு கேட்டா தருவாங்களாம் அண்ணன். நானும் வாறன்."

"நான் போகமாட்டன்."

"ஏன்?"

"நான் ஏன் கேக்கணும்? நான் கொண்டு போய்க் குடுத்தனா? எடுத்தவங்க எடுத்த இடத்துல கொண்டு வந்து வைக்கட்டும்."

மாஸ்டர் தலையில் கைவைத்தார். "ரெண்டு வருசத்துக்கு மேல பாலம் பாலம் எண்டு நிண்டீங்க. இப்ப கைக்கு எட்டின தூரத்துல இரிக்கி. நீங்க போகாட்டி நாளைக்கே நொறுக்கி எறிஞ்சிருவாங்க. மறுகா உங்கட வீம்பை மேசையில வச்சு ஓட்டுங்க." பிறகு என் மனைவி பக்கம் கிறுகினார். "அக்கா, நீங்களாவது சொல்லுங்க."

நொறுக்கிவிட்டால்? அந்த ஊசிக் கீறல்கள் அத்தனையும் குப்பையில் கிடந்தால்? மனைவி "போயிட்டு வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பேனோ தெரியாது. அவள் மீன் வெட்டிய கையைக் கழுவிக்கொண்டு வந்து மாஸ்டரைப் பார்த்தாள்.

"வீடு என்ட. என்ட வீட்டுக்குள்ள வந்து என்ட அறையில இருந்து தூக்கிப் போனது. அவர் ஏன் போய்க் கேக்கணும்? வீட்டுக்காரி கொண்டு வந்து வைக்கச் சொன்னா எண்டு சொல்லுங்க."

அந்தக் கோச்சியைப் பற்றி ஒரு நாளும் நல்ல வார்த்தை சொல்லாதவள். மாஸ்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சோடிப் பொருத்தம்" என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தார். ஆனால் போய்ச் சொன்னார். எப்படிச் சொன்னார், எத்தனை சேர் போட்டார் என்று நான் கேட்கவில்லை.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. நான் திரும்பப் போட்ட பட்டறைக்குப் போவேன், வருவேன். ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் கை தன்பாட்டில் நின்றுவிடும். ஒரு மத்தியானம், சோறு தின்றுகொண்டிருக்கும்போது, அந்தச் சத்தம் எங்கள் வாசலில் நின்றது. இரண்டு சிப்பாய்கள் இறங்கினார்கள். நடுவில் பாலம். பிள்ளையைத் தூக்கி வருவதுபோலத் தூக்கி வந்தார்கள். படியில் வைக்கப் பார்த்தார்கள். மனைவி கதவை அகலத் திறந்து முன் அறையைக் காட்டினாள்.

வெறும் இடத்தில் வைத்தார்கள். மாறி வைத்துவிட்டார்கள், மலைப்பக்கம் கடலுக்கு வந்துவிட்டது. "கிறுக்கி வைங்க" என்றேன், கையாலும் திருப்பிக் காட்டினேன். தூக்கிக் கிறுக்கி வைத்தார்கள். ஒரு வளைவில் சீமெந்து உதிர்ந்து தகரம் தெரிந்தது. மற்றபடி என் பாலம், அப்படியே. யாரோ தூசு துடைத்துக்கூட இருந்தார்கள்.

அவர்களில் இளையவன் என்ஜினைப் பார்த்தபடி நின்றான். "ஓட்டிக் காட்டுங்க ஐயா" என்றான், சிரித்துக்கொண்டு. நல்ல பையனாகத்தான் தெரிந்தான்.

"இண்டைக்கு ஓடாது" என்றேன்.

பற்றரி ஏற்றித்தான் இருந்தது. அவனுக்கும் அது விளங்கியிருக்கும். தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஜீப்பில் ஏறினான். ஜீப் பெரிய ரோட்டில் ஏறிய சத்தம் கேட்டதும் நான் ஈயம் காய்ச்சினேன். பிய்ந்த தண்டவாளத்தைப் பத்து வைத்து முடிக்கும்போது அறை நிறைந்துவிட்டது. மாஸ்டர் வந்தார், பக்கத்து வீடுகள் வந்தன. தெருக்கோடியில் இருப்பவளும் வந்து தன் வழக்கமான இடத்தில் நின்றாள். 

வயரைத் தொடுத்தேன். மலையைச் சுற்றி வந்தது. நிற்கும் இடத்துக்கு வந்ததும் எல்லாரும் பழக்கத்தில் மூச்சைப் பிடித்தார்கள். அது நிற்கவில்லை. ஐந்து வளைவையும் கடந்து அந்தப் பக்கத்துக்குப் போனது. மாஸ்டர் கைதட்டினார், பிறகு ஏன் தட்டினோம் என்பதுபோலக் கையைப் பார்த்தார்.

தெருக்கோடியில் இருப்பவள் கிட்ட வந்து, தகரம் தெரிந்த வளைவில் விரலை வைத்தாள்.

"நீங்க கேட்டுப் போகவேயில்ல, என்னண்ணன்?"

"இல்ல."

"நான் கேட்டுக் கேட்டுத்தான் போனன். கும்பிட்டுக் கும்பிட்டுப் போனன்." விரலை எடுத்துச் சேலையில் துடைத்தாள். "இனிக் கேக்கமாட்டன். என்ட மகனை எடுத்த இடத்துல கொண்டு வந்து விடுங்க எண்டுதான் சொல்லுவன். நாளைக்குக் காம்புக்கு நீங்களும் வாறீங்களா?"

"வாறன்" என்றேன். கேட்கப் போகமாட்டேன் என்று சொன்னவன்தான். இது கேட்கப் போவதில்லை.

மனைவி பின்னாலிருந்து, "நானும் வாறன்கா" என்றாள்.

"சரி, இன்னொருக்கா ஓட்டுங்க" என்றாள் அவள். ஓட்டினேன்.